குருவியின் பெர்மிட்

என் மாமாவுக்குக் காத்து என்றால் பயம். கடல்காத்து, ஃபேன் காத்து, அதெல்லாம் இல்லை. பாழடைந்த வீட்டிலும் பழைய கிணற்றிலும் குடியிருந்துகொண்டு, தனியாக வருகிறவன் மேல் அடித்துவிடும் என்பார்களே, அந்தக் காத்து. மாமா ஆறடி உயரம். செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் இரும்போடு இரும்பாகப் புரளுகிற ஆள். ஆனால் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மாடிப்படி விளக்கு எரியவில்லை என்றால் ஏறமாட்டார். கீழேயே நின்றுகொண்டு "அக்கா, அக்கா" என்று கூப்பிடுவார். நாங்கள் இருந்தது இரண்டாவது மாடி. அம்மா இறங்கிப் போய், கையைப் பிடிக்காத குறையாக அழைத்துவருவாள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். நான் பதினாலு வயதில், செகண்டரி டூவோடு படிப்பை விட்டவள். எழுதிப் பழக்கம் இல்லை. யோசிப்பதுதான் பழக்கம். அடுப்பை அணைத்தேனா, கேஸை மூடினேனா, பிள்ளை படுத்திருக்கும் அறையில் ஜன்னல் கொஞ்சமாவது திறந்திருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே பொங்கோலில் இருந்து உட்லண்ட்ஸ் வரை பஸ்ஸில் போவேன். அங்கே ஒரு கேட்டரிங் சமையல்கூடத்தில் வேலை. குளிரறைக்குள் போக வேண்டி வந்தால், கதவிடுக்கில் ஒரு தக்காளிப் பெட்டியைச் செருகிவிட்டுத்தான் போவேன். கதவை உள்ளேயிருந்தும் திறக்கலாம். எனக்குத் தெரியும். இருந்தாலும் செருகுவேன். "அக்கா, குளிரெல்லாம் வெளிய போகுது லா" என்று சூப்பர்வைசர் தம்பி கத்துவான். போகட்டும்.

மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஒர்க் பெர்மிட்டில் வந்தவர். கப்பல் அடியில் இருக்கிற தொட்டிகளைச் சுத்தம் செய்து சாயம் அடிக்கிற வேலை. டாமிட்டரி என்கிற தொழிலாளர் விடுதியில் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா கடைத்தெருவுக்குப் போய்க் கூட்டாளிகளைப் பார்த்துவிட்டு, மத்தியானம் கையில் ஒரு பக்கோடாப் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவார். அப்பா பஸ் ஓட்டுநர். பாதி ஞாயிறுகளில் வேலை இருக்கும். அதனால் மாமா வந்தால்தான் எங்கள் வீட்டில் ஞாயிறு.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய இங்கிலீஷ் வார்த்தை எது என்று கேட்டால், எக்ஸ்பயர் என்றுதான் சொல்வேன். "அவனுக்குப் பெர்மிட் எக்ஸ்பயர் ஆயிருச்சுக்கா, புதன்கிழமை பிளைட்டு." "எனக்கு எக்ஸ்பயர் ஆகுறதுக்குள்ள ஒரு மோதிரம் வாங்கிரணும்." அப்படி எக்ஸ்பயர் ஆனவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். மாமாவோடு சொல்லிக்கொள்ள வருவார்கள். புதுச்சட்டை போட்டிருப்பார்கள், சென்ட் வாசம் அடிக்கும், அட்டைப்பெட்டியைக் கயிறு சுற்றிக் கட்டுவதைப் பற்றியே பேசுவார்கள். எல்லாரும் சிரித்த முகம். பால் டப்பாவிலும் அந்த வார்த்தை போட்டிருக்கும். எக்ஸ்பயர் ஆனதை அம்மா கொட்டிவிடுவாள். இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. மாமாவுக்கு எட்டு மாதம் இருந்தது. பெர்மிட் அட்டையில் இருந்த தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணிச் சொன்னது நான்தான்.

எனக்குப் பத்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றினார். பிறந்தநாள் கேக்கில் மிச்சமிருந்த மெழுகுவர்த்தியை நடுவில் நட்டுப் பற்றவைத்தார்.

"டீச்சரம்மா, இங்க வா. காத்து தண்ணி குடிக்கிறதப் பாத்துருக்கியா?"

வீட்டில் யாரையும் விடாமல் திருத்திக்கொண்டே இருப்பேன் என்பதால் எனக்கு அந்தப் பெயர். நான் ஓடிப்போய் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடித் தம்ளரை மெழுகுவர்த்தியின் மேல் கவிழ்த்தார். சுடர் நீண்டது, ஒடுங்கியது, ஒரு நீலப்பொட்டாகி அணைந்தது. தட்டில் இருந்த தண்ணீர் தானாகத் தம்ளருக்குள் ஏறியது.

"பாத்தியா? விளக்க ஊதி அணைச்சிருச்சு. அதுக்கு வெளிச்சம் ஆகாது. இப்ப தாகம் எடுத்து, தண்ணி குடிக்குது."

"யாரு மாமா?"

"காத்துதான். வேற யாரு?"

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் முழுக்க விளையாட்டும் இல்லை. ஊரில் பழைய கிணற்றில் தூர் வாருவதற்கு முன்னால் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்களாம். விளக்கு எரிந்தபடியே அடிவரைக்கும் போனால் ஆள் இறங்குவான். பாதியில் அணைந்தால், உள்ளே காத்து இருக்கிறது என்று அர்த்தம். யாரும் இறங்கமாட்டார்கள். "ஒருத்தன் அதச் சட்ட பண்ணாம எறங்குனான். அவனத் தூக்க இன்னொருத்தன் எறங்குனான். ரெண்டு பேரையும் அடிச்சிருச்சு" என்று சொல்லும்போது மாமாவின் குரல் இறங்கிவிட்டது. அம்மா, "புள்ளைகிட்ட என்னடா பேசுற" என்று அதட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து, பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடத்தில் டீச்சர் அதே மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து அதே மாதிரி ஒரு ஜாடியைக் கவிழ்த்தார். சுடர் ஏன் அணைந்தது என்று கேட்டார். முதலில் கையைத் தூக்கியது நான். வேறு யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும் என்ற மிதப்பு. எழுந்து நின்று, ஒரு ஆவி வந்து ஊதி அணைத்தது டீச்சர் என்று இங்கிலீஷில் சொன்னேன். அதோடு நின்றேனா? அதற்கு இப்போது தாகமாக இருக்கும் என்றும் சொன்னேன்.

அந்தச் சிரிப்பு என் காதில் இன்னும் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு என்னைக் "கோஸ்ட், கோஸ்ட்" என்றுதான் கூப்பிட்டார்கள். கேண்டீனில் நான் வரிசையில் நின்றால் பின்னால் ஒருவன் ஊ என்று ஊளையிடுவான். டீச்சர் நல்லவர். அவர் சிரிக்கவில்லை. என்னை லைப்ரரிக்குக் கூட்டிப்போய்க் கனமான ஒரு படப்புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, நீயே படித்துத் தெரிந்துகொள் என்றார்.

முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முந்தி இயற்கையைப் பற்றிய எண்ணத்தையே மாற்றின ஆட்களைப் பற்றிய புத்தகம் அது. சுருட்டை முடி டோப்பா வைத்துக்கொண்டு, எல்லாரும் கொஞ்சம் கோபமாக இருப்பார்கள். அவர்கள் பெயர் எதுவும் என் வாயில் நுழையவில்லை. அதனால் நானே பெயர் வைத்தேன். குழாய்க்காரர் ஒரு குழாய் வழியாக நிலாவைப் பார்த்து, அது வழவழப்பான விளக்கு இல்லை, மேடும் பள்ளமுமான மண் என்று சொன்னவர். பூமிதான் சுற்றுகிறது என்று சொன்னதற்காக அவரைச் சாகும்வரை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். பம்ப்காரர் இதயம் ஒரு பம்ப், ஒரே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர். துணிக்கடைக்காரர் ஒருவர் கண்ணாடிக் குண்டுமணியைத் தேய்த்துத் தேய்த்து, ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் ஊர்கிற உயிர்களைப் பார்த்தவர். அவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சட்டம் இருந்ததாகப் புத்தகம் சொன்னது. யார் சொன்னாலும் நம்பாதே. செய்து பார்.

எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போனது. யார் சொன்னதையோ நம்பித்தானே நான் கோஸ்ட் ஆனேன்?

மாமா வந்ததும் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். எனக்குப் புரிந்த இங்கிலீஷை எனக்குத் தெரிந்த தமிழில் சொல்லுவேன். பாதி வார்த்தை தெரியாது. தெரியாததைத் தாண்டிவிடுவேன், அல்லது தெரிந்த மாதிரி சொல்லிவிடுவேன்.

"நிலாவுல குழியா? அப்ப அங்கயும் ரோடு போடுறவன் சரியில்ல."

"மாமா, ஒழுங்கா கேளுங்க. ரத்தம் தீந்து தீந்து புதுசா ஊறாது. அதேதான் சுத்தி வருது."

இதற்கு மாமா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா. கப்பல்ல கூலிங் தண்ணி சுத்துதுல்ல, அது மாதிரி. புதுசா எடுத்துக்கிட்டே இருந்தா எங்க போயி நிக்கும்?" என்றார். நான் ஒரு வாரம் உருப்போட்டதை அவர் ஒரு நிமிஷத்தில் பிடித்துவிட்டார். எனக்கு அது கொஞ்சம் கடுப்பாகக்கூட இருந்தது. எட்டாவதுக்கு மேல் படிக்காத மனுஷன்.

பிறகு அந்த ஞாயிறு.

அன்றைக்கு மாமா தேக்காவுக்குப் போகவில்லை. கையில் பக்கோடாவும் இல்லை. டாமிட்டரியில் இருந்து நேராக வந்து, செருப்பைக் கழற்றியதும் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"அக்கா, கோயில்ல மந்திரிச்ச கயிறு ஏதாச்சும் இருக்கா?"

அம்மா அடுப்பைச் சிறிதாக்கினாள். மாமா சொன்னார். டாக்கில் ஒரு பழைய கப்பல் நிற்கிறது. அதன் அடியில் பல வருஷமாகத் திறக்காத ஒரு தொட்டி. வெள்ளிக்கிழமை அதன் மூடியைத் திறந்தார்கள். பங்ளாதேஷ்காரர் ஒருவர் தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறார். கண்ணைக் கட்டிக்கொண்டு வரவே, அப்படியே உட்கார்ந்துவிட்டார். "உள்ள காத்து இருக்குக்கா. பாத்த எல்லாருக்கும் தெரியும்." நேற்று சூப்பர்வைசர் மாமாவைப் பார்த்து, நீ இறங்கு என்றிருக்கிறார். மாமா மாட்டேன் என்றார். அத்தனை பேருக்கு முன்னால் அந்த ஆள் சிரித்தானாம். "இவ்ளோ பெரிய உடம்ப வச்சுக்கிட்டுப் பேய்க்குப் பயப்படுறியான்னு கேக்குறான். பயமா இருந்தா ஊருக்குப் போ, நாளைக்கே டிக்கெட் போடுறேங்கிறான். எல்லாப் பயலும் சேந்து சிரிச்சானுங்க."

"நீ எறங்காத. ஊருக்கு அனுப்புனா அனுப்பட்டும்" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு அன்று விடுமுறை. தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், "ஒடம்புக்கு முடியலன்னு டாக்டர்கிட்ட நாளைக்கு எம்சி லீவு எடுத்துரு மாப்ள" என்றார்.

"நாளைக்கு எம்சி, மறுநாளு? செவ்வாக்கெழமையும் அதே டேங்குதான அத்தான்."

எனக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். சிரித்தார்கள் என்பது. என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு, மாமாவைப் பார்த்தும். இத்தனை பெரிய ஆளைப் பார்த்தும். இரண்டுக்கும் காரணம் ஒரே காத்து. மாமாவை அதில் இருந்து காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு அழுகையே வந்தது. காப்பாற்றுவதற்கான புத்தகம் என் பையில்தான் இருந்தது.

"மாமா, கயிறெல்லாம் வேணாம். பேய்னு ஒண்ணு இல்ல. நா செஞ்சு காட்டுறேன், வாங்க."

தட்டு, தண்ணீர், மெழுகுவர்த்தி. தம்ளரைக் கவிழ்த்தேன். சுடர் அணைந்தது.

"இப்ப யாரு ஊதுனா?"

"காத்து" என்றார், பாதிச் சிரிப்போடு.

"காத்து ஊதல மாமா. காத்து தீந்துருச்சு. உள்ள இருந்த காத்த விளக்கு தின்னுருச்சு. இல்லாததுனாலதான் அணைஞ்சிச்சு."

மாமா என்னிடம் இருந்து தம்ளரை வாங்கினார். அவரே ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கேட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலை வாங்கிக் கவிழ்த்தார். இந்த முறை சுடர் கூடுதல் நேரம் நின்று எரிந்தது. உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம். அதில் உடனே அணைந்தது. "பெருசுக்குள்ள நிறைய, சிறுசுக்குள்ள கம்மி" என்றார். "அப்ப காத்துங்கிறது அரிசி பருப்பு மாதிரி அளந்து வச்ச சாமான்." அந்த மேசையில் செய்து பார்த்தவர் அவர்தான். நான் படித்ததை ஒப்பித்தவள். இது இப்போது தெரிகிறது.

பிறகு புத்தகத்தின் கடைசிப் படத்தைக் காட்டினேன். பெரிய கண்ணாடி உருண்டை, உள்ளே வாயைத் திறந்தபடி ஒரு குருவி, பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி. ஒருவர் பம்ப்பை இயக்கி உருண்டைக்குள் இருக்கிற காற்றை வெளியே இழுக்கிறார். கீழே இருந்ததைப் படித்துச் சொன்னேன்.

"மொதல்ல மெழுகுவத்தி அணைஞ்சிச்சாம். கொஞ்ச நேரத்துல குருவி எக்ஸ்பயர் ஆயிருச்சாம்."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். வந்ததில் இருந்து அதுதான் முதல் சிரிப்பு. "அந்தக் காலத்துல குருவிக்கும் பெர்மிட்டா? குடுத்து வச்ச குருவி. பெட்டியக் கட்டிக்கிட்டு ஊரப் பாக்கப் பறந்துருக்கும்."

"எத்தன வருஷ பெர்மிட்டாம்?" என்று அப்பா தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். அம்மாவும் சிரித்தாள். எங்கள் வீட்டில் நாலு பேரும் சேர்ந்து சிரித்தோம், அந்தக் குருவியைப் பார்த்து.

சிரிப்பு அடங்கியதும் மாமா மேசையில் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கெணத்துல விளக்கு அணையுதே டீச்சரம்மா, அது?"

இருபத்து மூன்று வருஷமாக நான் யோசிப்பது இந்த ஒரு கேள்வியை. புத்தகத்தில் கிணறு இல்லை. தெரியாது மாமா என்று சொல்லியிருக்கலாம். டீச்சரம்மா என்று கூப்பிட்டுவிட்டுக் கேட்டால் எப்படித் தெரியாது என்பது? அந்த வாரம் தமிழ் வகுப்பில் கட்டுரைக்கு ஒரு வார்த்தை கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

"அது மூடநம்பிக்கை மாமா."

"அந்த ரெண்டு பேரு?"

"தண்ணியில விழுந்து முழுகியிருப்பாங்க."

"தண்ணியில்லாத கெணறு" என்றார் மாமா. என்னிடம் சொல்லவில்லை. பாட்டிலிடம் சொன்னார். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

கிளம்பும்போது அம்மா சாமிமாடத்தில் இருந்து ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். மாமா கையை நீட்டவில்லை. "இருக்கட்டும்க்கா" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"சரி டீச்சரம்மா. பேய் இல்ல, பூதம் இல்ல. அப்ப அந்த டேங்குக்குள்ள என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மாமா. உள்ள ஒண்ணுமே இல்ல."

"செஞ்சு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அன்று சாயங்காலமும் மாடிப்படி விளக்கு எரியவில்லை. மாமா தனியாக இறங்கிப் போனார். யாரையும் கூப்பிடவில்லை. சீட்டியடித்துக்கொண்டே இறங்கினார். நான் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சீட்டி கீழே போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை பெருமையாக நான் அதற்குப் பிறகு எதற்காகவும் நின்றதில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன.

சவப்பெட்டி ஊருக்குப் போவதற்கு முன்னால், ஒரு கூடத்தில் இரண்டு மணி நேரம் வைத்திருந்தார்கள். மாமாவுக்கு யாரோ கோட்டு போட்டுவிட்டிருந்தார்கள். அவர் கோட்டு போட்டு நான் பார்த்ததில்லை. பட்டறையில் இருந்து மூன்று பேர் லாரியில் வந்தார்கள். அதில் ஒருவர் மாமாவோடு ஒரே அறையில் இருந்த கூட்டாளி. அவர் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டு அழுதார்.

"நா எறங்கமாட்டேன்னுட்டேன்க்கா. அவந்தான் சிரிச்சான். உள்ள ஒண்ணும் இல்லடா, எங்கக்கா மக புக்குல படிச்சுச் சொல்லிட்டான்னான். ஏணியில நாலு படி எறங்குனான். அஞ்சாவது படியில கை விட்டுருச்சு. சத்தமே போடலக்கா. தூக்க நா எறங்கப் போனேன், புடிச்சுக்கிட்டானுங்க."

அந்த அக்கா மகள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மைலோ குடிக்கிறியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அவனிடம் என்ன சொன்னாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பட்டறையின் பாதுகாப்பு அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். அவர் இங்கிலீஷில் பேச, கூட வந்த தமிழ் ஆள் அதைச் சொன்னார்.

"தொட்டிக்குள்ள காத்து இல்லம்மா. அதுதான் காரணம்."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "காத்து இல்லையா? காத்து இல்லாமலா எந்தம்பியக் கொண்டுபோச்சு? வெள்ளிக்கெழமையே ஒருத்தர அடிச்சிருக்கு. அவனே எங்கிட்டச் சொன்னான்."

"இல்லம்மா. காத்து இல்லாததுனாலதான்."

"இல்லாதது எப்படிங்க அடிக்கும்?"

அதிகாரி தமிழ் ஆளைப் பார்த்தார், அவர் தரையைப் பார்த்தார். இருவரும் கைகூப்பிவிட்டுப் போனார்கள். அந்தக் கூடத்தில் அம்மாவுக்கு அதை விளக்கிச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான். தம்ளரை வைத்துச் செய்து காட்டியவள். நான் மைலோவைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

மூடிக்கிடக்கிற இரும்புத் தொட்டியில் துரு ஏறும். துரு ஏற ஏற, உள்ளே இருக்கிற மூச்சுக்காத்தை அது தின்றுவிடும், மெழுகுவர்த்தி தின்கிற மாதிரி, சத்தமில்லாமல், வருஷக்கணக்காக. வாசனை இருக்காது, புகை இருக்காது. இதெல்லாம் வேலைக்குப் போன பிறகு ஒரு பாதுகாப்பு வகுப்பில் சொன்னார்கள். ஆள் இறங்குவதற்கு முன்னால் கருவி வைத்து அளக்க வேண்டும் என்றார்கள். அன்று அளந்தார்களா என்று எனக்குத் தெரியாது. மாமாவிடம் கருவி இல்லை. கப்பலுக்குள் அரிக்கேன் விளக்கைக் கொளுத்தவும் விடமாட்டார்கள். அவரிடம் இருந்தது பயம் ஒன்றுதான். அந்தக் கிணற்று விளக்கும், கண்ணாடி உருண்டைக்குள் வைத்த மெழுகுவர்த்தியும் ஒன்றுதானே என்று எனக்கு அந்த வகுப்பில் உறைத்தது. ஊரில் அதற்குப் பேய் என்று பெயர் வைத்தார்கள், ஆனால் செய்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள். நான் பெயரைத் துரத்தினேன். பெயரோடு சேர்ந்து விளக்கும் போய்விட்டது.

நான் சொல்லாவிட்டாலும் செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ அவரை இறக்கித்தான் இருப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அப்போது பயந்துகொண்டே இறங்கியிருப்பார். பயந்தவன் முதல் படியிலேயே ஏறிவிடுவான். இப்படித்தான் என் யோசனை போகும். எங்கேயும் போய் நிற்காது, சுற்றிச் சுற்றி வரும்.

செகண்டரி டூவில் இங்கிலீஷ் பாடத்தில் ஒரு கதை வந்தது. அதில் ஒரு கிழவர் படுக்கையில் எக்ஸ்பயர் ஆனார். எங்கே போனார் என்று நான் டீச்சரைக் கேட்டேன். செத்துப்போனார், அதற்கு அந்த அர்த்தமும் உண்டு என்றார் டீச்சர். நான் உட்கார்ந்தேன். எனக்கு அந்தக் கிழவர் ஞாபகம் இல்லை, கதை ஞாபகம் இல்லை. கண்ணாடி உருண்டைக்குள் இருந்த குருவிதான் எதிரில் நின்றது. அதன் வாய் ஏன் திறந்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அது பாடுகிறது என்று நினைத்திருந்தேன். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். உடம்பு சரியில்லை என்று எல்லாரிடமும் சொன்னோம்.

ஆனால் பத்து வயதில் எனக்கு அது தெரியாது. மாமாவை ஏற்றி அனுப்பி ஒரு வாரம் இருக்கும். பட்டறையில் இருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் ஓரளவு தெரியும், ஆனால் அன்று அவருடைய கண்ணாடி எங்கேயோ போயிருந்தது. போயிருந்தது என்றுதான் சொன்னார். அம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அப்பா கடிதத்தை என்னிடம் கொடுத்து, "படிம்மா" என்றார்.

மேலே மாமாவின் பெயர். பக்கத்தில் பெர்மிட் நம்பர். அதற்குப் பிறகு ஒரு தேதி, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வார்த்தை.

"மாமாவோட பெர்மிட் எக்ஸ்பயர் ஆயிருச்சுன்னு போட்டுருக்காங்கப்பா" என்றேன்.

அப்பா கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

"பெர்மிட் இல்லம்மா."

அப்பாதான் தவறாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். கடிதம் எழுதியவர்களும் தவறாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். தேதியை எண்ணியவள் நான். எனக்குத் தெரியாதா?

"தப்பா போட்டுருக்காங்கப்பா. நா எண்ணிப் பாத்தேன். மாமாவுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு."

அப்பா கடிதத்தை நாலாக மடித்தார். நான் விரல்விட்டு மறுபடி எண்ணிக் காட்டினேன், ஒவ்வொரு மாதமாக, பெயர் சொல்லி.